பதினாலாம் இலக்கத்தின் வலது தோள்

ஒரு பிள்ளையின் வலது தோள் அந்த வருடம் ஐந்து மில்லியன் டொலர் போனது. தோளை மட்டும் தனியாக யாரும் விற்கவில்லை. காலும் தலையும் சேர்த்துத்தான் வியாபாரம். ஆனாலும் வாங்குகிறவர்கள் தோளுக்குத்தான் விலை வைத்தார்கள், மற்றதெல்லாம் கொசுறு. அந்தத் தோளைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வதற்கு ஜெர்மனியின் பான் நகரத்தில் டயர்க்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த தம்பித்துரைக்குக் கிடைத்தது ஒளிநாடா ஒன்றுக்கு முப்பது யூரோ.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தம்பித்துரை நாற்பது கேட்டார், ஹட்சின்ஸ் இருபத்தைந்து என்றார், முப்பதில் கை குலுக்கினார்கள். இரண்டு பேருமே தான்தான் வென்றது என்று நினைத்துக்கொண்டு படி இறங்கியதால் அது நல்ல வியாபாரம்.

ஹட்சின்ஸ் ஓர் அமெரிக்கர். இராணுவத்தோடு ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே ஒருத்தியைக் கட்டி, இராணுவம் போன பிறகும் போகாமல் நின்றுவிட்டவர். அவருடைய தொழில் பிள்ளை பார்ப்பது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முட்டைப் பந்து விளையாடும் பெடியன்களைச் சித்திரை மாதத்தில் அங்குள்ள பெரிய கிளப்புகள் முறை வைத்து ஏழு சுற்றில் ஒருவர்பின் ஒருவராகப் பொறுக்கி எடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். முதலில் எடுபடுகிறவனுக்கு அரண்மனை, கடைசியில் எடுபடுகிறவனுக்கு வாடகைக் கார். எடுபடாதவனுக்கு வீட்டுக்குப் போகும் வழி. எல்லாரிலும் விலை கூடியவன் பந்து எறிகிறவன், குவாட்டர்பேக். அவன் பிழைத்தால் மற்றப் பத்துப் பேரும் வீண்செலவு. ஆகவே அவனை வாங்குமுன் கிளப்புகள் தங்கள் ஆட்களிடமும் கேட்கும், வெளியாட்களிடமும் கேட்கும். அப்படி ஒரு கிளப்புக்கு வெளியாள் ஹட்சின்ஸ். ஹட்சின்ஸுக்கு வெளியாள் தம்பித்துரை.

தம்பித்துரைக்கு இந்த விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. அவருடையது தமிழ் வீடியோக் கடை. ஆனால் அமெரிக்க ஒளிநாடா ஜெர்மன் பெட்டியில் ஓடாது. டொராண்டோவில் நடக்கிற கல்யாணங்களின் நாடாக்கள் கிழமைக்குப் பத்து வந்து, அவற்றை இங்கே ஓடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்துப் பழகிய இயந்திரம் அந்த வட்டாரத்திலேயே அவரிடம்தான் இருந்தது. ஹட்சின்ஸ் ஒரு பெட்டி நாடாவோடு படியேறி வந்தது அதற்காகத்தான்.

மாற்றும்போது பார்க்காமல் இருக்க ஏலாது. தம்பித்துரை பார்த்தார். அவர் பதினைந்து வருடம், பெண்பிள்ளைகள் பெரியவளாகிற சாமத்தியவீட்டுச் சடங்கு வீடியோ வெட்டி ஒட்டியவர். மாலை போடும்போது மாமியின் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, போட்டுவிட்டுத் திரும்பும்போது பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இங்கேயும் அப்படியே செய்தார். பந்து போன பக்கம் பார்க்கவில்லை. எறிந்தவன் விழுந்ததைப் பார்த்தார், எழும்புவதைப் பார்த்தார்.

“ஹெர் ஹட்சின்ஸ்,” என்றார் ஒருநாள், “உங்கட ஏழாம் நம்பர் பதினொரு தரம் விழுந்தவன். பதினொரு தரமும் இடது கையை ஊன்றித்தான் எழும்பினவன். எறியிறது வலது கை. அந்தக் கையை ஏன் நிலத்தில ஊன்றப் பயப்பிடுறான்?”

இருவருக்கும் பொதுவான பாஷை ஜெர்மன். இருவருக்கும் அது அரைகுறை. அதனால் வீண்வார்த்தை இருக்காது, சண்டை வந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஹட்சின்ஸ் நாடாவைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டார். அவருடைய கிளப் ஏழாம் இலக்கத்தை விட்டுவிட்டது. வேறொரு கிளப் எடுத்தது, ஆவணி மாதத்தில் அந்தத் தோளை வைத்தியர்கள் அறுத்துத் திறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தம்பித்துரை ‘ஹெர் தம்பி’ ஆனார், முப்பது யூரோவும் அன்றுதான் பேசி முடிந்தது.

ஹட்சின்ஸ் அச்சடித்துக் கொடுத்த தாளில் கட்டங்கள் இருந்தன. கை, கால், கண், எறிய எடுக்கும் நேரம். கடைசிக் கட்டம் குறை. தம்பித்துரை அந்தக் கட்டத்தை ஒருநாளும் வெறுமையாக விட்டதில்லை. குறை இருந்தால் எழுதினார். இல்லாவிட்டாலும் ஏதாவது எழுதினார். ‘கால்மேசு கணுக்காலில் சரிந்து கிடக்கிறது.’ ‘தேவைக்கு மேல் சிரிக்கிறான்.’ ஹட்சின்ஸ் வாசித்துச் சிரிப்பார், கிளப்புக்கு அனுப்பும்போது வெட்டிவிடுவார்.

அது தம்பித்துரையின் பகிடி என்றுதான் அவர் நினைத்தார். பகிடி இல்லை. தம்பித்துரையின் தகப்பன் சுன்னாகம் சந்தையில் வாழைக்குலை எடுத்து விற்றவர். சந்தையிலேயே நல்ல குலையைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, “அடிச்சீப்பு வெம்பலாக் கிடக்கு” என்று சொன்ன பிறகுதான் விலை கேட்பார். வீட்டில் தாய் பிள்ளைகளை வெளியே விடுமுன் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைப்பா. இரண்டும் இரண்டு வேலை என்று தம்பித்துரைக்குத் தோன்றியதில்லை. நல்ல பொருளைப் பார்த்தால் ஒரு குறை சொல்ல வேண்டும். முழுக்கப் புகழ்ந்தால், கண்ணூறு மாதிரி, நாவூறு படும். கடைக்கு வருகிற பெண்பிள்ளை எவ்வளவு வடிவாய் இருந்தாலும் அவர் தாயிடம் சொல்வது, “பிள்ளை சரியா மெலிஞ்சு போனாள்” என்பதுதான். தாய்மாருக்கு விளங்கும், சந்தோசமாகப் போவார்கள்.

2005 தை மாதத்தில் பதினாலாம் இலக்கம் வந்தான்.

வெஸ்லி டன்ஹாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பெயர்கள் தம்பித்துரையின் வாயில் நிற்காது, இலக்கம் நிற்கும். பதினாலுக்குப் பன்னிரண்டு நாடா. முதல் நாடாவில் அவர் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாடாவில் தேத்தண்ணி ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை. அவனை அடிக்க நாலு பேர் ஓடி வருவார்கள், அவன் கால் பதறாது. எறிவான், விழுவான், வலது கையை ஊன்றித் தூசி தட்டி எழும்புவான். ஒருமுறை அவனைக் காக்க வேண்டிய தடியன் வழுக்கி விழுந்ததால் இவன் முதுகில் அடி வாங்கினான். எழும்பியதும் முதல் வேலையாகத் தடியனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அந்தக் கையும் வலது கை.

அன்று பின்னேரம் கடையில் இராயப்புவும் இருந்தான். அவன் நாடா திருப்பிக் கொடுக்க வந்து இரண்டு மணித்தியாலம் நிற்கிற வாடிக்கைக்காரன்.

“அண்ணை, உந்தத் தலைக்கவசக்காரரில அப்பிடி என்ன கிடக்கு? கலரியில நிண்டு பாக்கிற மாதிரி வாயைத் திறந்து கொண்டிருக்கிறியள்.”

“சும்மா வேலை.”

சாப்பாட்டுப் பெட்டியோடு மேலே வந்த தம்பித்துரையின் மனைவி சுந்தரேஸ்வரி திரையைப் பார்த்தா. பதினாலாம் இலக்கம் தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன வடிவான பிள்ளையப்பா,” என்றா. “கையைப் பாருங்கோ, தேர் வடம் மாதிரி.”

இராயப்பு மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டான். “அக்கா, போன வருசம் என்ர புதுக் காரைப் பாத்து நல்ல வடிவெண்டனீங்கள். அடுத்த கிழமை ஓட்டோபான் ரோட்டில மான் பாய்ஞ்சது.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? மானை நானோ அனுப்பினனான்?”

“நீர் சும்மா இரும்,” என்றார் தம்பித்துரை. “உம்மட வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேணும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர்கள் போன பிறகு தாளை எடுத்தபோது சிரிப்பு இல்லை. கட்டங்களை நிரப்பினார். எல்லாவற்றுக்கும் அவர் இதுவரை யாருக்கும் போடாத புள்ளி. கடைசிக் கட்டத்தில் பேனையை வைத்து யோசித்தார். மேசு சரிந்தது, சிரிப்புக் கூடியது எல்லாம் சுந்தரேஸ்வரியின் நாவுக்குக் காணாது. வடத்தைப் போலக் கை என்று சொன்னவளுக்குக் கையில்தான் பதில் இருக்க வேண்டும். பெரிய நாவூறுக்குச் சின்னப் பொட்டு வைத்து என்ன பிரயோசனம்?

‘வலது தோளைக் கொஞ்சம் காக்கிறான் போல’ என்று எழுதினார். எழுதியதும் மனம் ஆறியது. பிள்ளைக்குப் பொட்டு வைத்தாயிற்று.

ஹட்சின்ஸ் இந்த முறை வெட்டவில்லை. ஏழாம் இலக்கத்தின் தோளைக் கண்டுபிடித்த மனிதன் பதினாலாம் இலக்கத்தின் தோளைப் பற்றி எழுதினால் அதை வெட்ட அவருக்கென்ன விசரா.

பங்குனி முதற்கிழமையில் அவர் இரண்டு படியை ஒரு படியாக ஏறி வந்தார்.

“ஹெர் தம்பி, உன்ர தோள் எல்லா இடமும் பரவிப் போட்டுது. எங்கட கிளப்பில ஆரோ வாய் விட்டிட்டாங்கள். இப்ப ஊர் முழுக்க அந்தக் கதைதான்.”

“எந்தத் தோள்?”

“டன்ஹாமின்ர. பதினாலு.”

தம்பித்துரை கையிலிருந்த நாடாவை மேசையில் வைத்தார்.

“போன மாதம் எல்லாப் பெடியன்களையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு அரைக் களிசானோட நிப்பாட்டி அளந்தவங்கள். வைத்தியர் ஆறு பேர் அவன்ர தோளைத் திருகிப் பாத்திருக்கினம். ஒன்றும் காணேல்லையாம்.”

“அப்ப சரி,” என்றார் தம்பித்துரை, மூச்சு விட்டு.

“என்ன சரி? ஆறு வைத்தியருக்கும் தெரியாமல் ஒளிச்சு வைச்சிருக்கிறான் எண்டால் அது எவ்வளவு பெரிய காயமாயிருக்கும் எண்டு எல்லாரும் பயந்து போச்சினம். முதல் இருபதுக்குள்ள போக வேண்டியவன். இப்ப மூன்றாம் சுற்றிலயும் கை நீட்ட யோசிக்கினம்.”

தம்பித்துரை கதிரையை இழுத்து ஹட்சின்ஸை இருக்கச் சொன்னார். தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் செலவழித்தார். தோளில் ஒன்றும் இல்லை, தான் அதை எழுதியது காயத்துக்காக அல்ல, மனைவி அவனைப் பார்த்து வடிவு என்று சொல்லிவிட்டதற்காக என்றார். நாவூறுக்கு ஜெர்மனில் சொல் அவரிடம் இல்லை. வாயைக் காட்டினார், கண்ணைக் காட்டினார், கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

“உங்கட ஊரில ஒரு பிள்ளை நல்ல வடிவெண்டால் என்ன செய்வியள்?”

“படம் எடுப்பம்,” என்றார் ஹட்சின்ஸ். அவர் கண்கள் சுருங்கியிருந்தன. “ஆர் வந்தது உன்னட்டை?”

“ஒருத்தரும் வரேல்லை.”

“பெடியன்ர ஏஜெண்டோ? எவ்வளவு தந்தவன்?”

தம்பித்துரைக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் சந்தையில் வளர்ந்தவர். குறை சொன்னவன் இரண்டு மாதம் கழித்து வந்து குறை இல்லை என்றால், அவன் பொக்கற்றைத் தடவிப் பார்ப்பதுதான் முறை. ஹட்சின்ஸின் இடத்தில் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

“வேணுமெண்டால் எழுதித் தாறன். நான் பொய் எழுதினனான் எண்டு. கையெழுத்து வைச்சு.”

“எழுது. நான் அனுப்புறன். அவங்கள் என்ன நினைப்பினம் தெரியுமோ? ஏஜெண்ட் காசு குடுத்து வாயை அடைக்கிறான், அப்ப காயம் உண்மைதான் எண்டு.” ஹட்சின்ஸ் எழுந்தார். “மூன்றாம் சுற்றும் போயிடும்.”

அவர் போகும்போது மாற்றாத நாடாப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். படியில் அவருடைய சப்பாத்துச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது.

டிராஃப்ட் சித்திரை மாதக் கடைசியில் ஒரு சனியும் ஞாயிறும் நடந்தது. கடையில் வாடிக்கைக்காரருக்கென்று இரண்டு கணினி போட்டிருந்தார்கள். அதில் ஒன்றின் முன்னால் தம்பித்துரை இருந்தார். அங்கே மத்தியானம், இங்கே விளக்கு வைக்கிற நேரம். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சனிக்கிழமை மூன்று சுற்று முடிந்தது. பதினாலு இல்லை.

சுந்தரேஸ்வரி மூன்று செத்தல் மிளகாயையும் ஒரு பிடி உப்பையும் கொண்டுவந்து கணினியைச் சுற்றினா. தம்பித்துரை தடுக்கவில்லை. பின்பக்கச் சமையல் அடுப்பில் போட்டா. நெடி வரவில்லை, இருமலும் வரவில்லை. நெடி இல்லையென்றால் நாவூறு பலமாகத்தான் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

“என்ர வாயாலயோ?” என்றா.

“இல்லை,” என்றார். அது உண்மை. அவவுக்கு அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு சுற்று. பெயர் தெரியாத ஊர்களிலிருந்து பெயர் தெரியாத பெடியன்கள் எல்லாரும் எடுபட்டார்கள். பந்தை உதைக்க மட்டும் தெரிந்த ஒருவன்கூட எடுபட்டான். இருநூற்றைம்பது பெயருக்கு மேல். கடைசிப் பெயர் வந்த பிறகும் தம்பித்துரை திரையைப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், யாராவது ஒரு பெயரை மறந்துபோய் விட்டிருப்பார்கள் என்பதுபோல.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஹட்சின்ஸ் கடைக்கு வரவில்லை.

அடுத்த வைகாசியில் தொலைபேசி வந்தது. வணக்கம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை.

“டன்ஹாம் இஞ்சதான் நிக்கிறான்,” என்றார் ஹட்சின்ஸ். “கொலோனில.”

அமெரிக்கர்கள் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு வசந்தகாலப் போட்டி நடத்தினார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்களும், இன்னும் ஒருமுறை பார்க்கலாம் என்று வைக்கப்பட்டவர்களும் இங்கே வந்து விளையாடுவார்கள். யாரும் எடுக்காத பதினாலாம் இலக்கம் கடைசியில் பானிலிருந்து அரை மணி ரயில் தூரத்துக்கு வந்து சேர்ந்திருந்தான்.

“வேற ஒரு கிளப் என்னட்டைக் கேட்டிருக்கு. கோடையில கூப்பிட்டுப் பாக்கலாமோ எண்டு. அவங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான்.”

“தோள்.”

“ஓம், தோள். அது இன்னும் பிழைக்கேல்லை, நீ சொன்ன கதை உண்மைபோல. நாளைக்கு வா. நேரில பார். பாத்திட்டு உள்ளதைச் சொல்லு. கன்னத்தில பொட்டெல்லாம் வைக்காதை.”

தம்பித்துரை அன்றிரவு சேர்ட் ஒன்றைத் தானே இஸ்திரிப் பெட்டியால் மினுக்கினார். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்திருந்தது. உள்ளதைச் சொன்னால் போதும். உள்ளது நல்லதாகவே இருந்தது, பன்னிரண்டு நாடாவில் அவர் கண்ணால் கண்டது.

கொலோனில் மழை. பார்வையாளர் இருக்கைக்குக் கூரை இருந்தது, புல்லுக்கு இல்லை. தம்பித்துரை வாழ்க்கையில் முதல்முறையாக அந்த விளையாட்டை நேரில் பார்த்தார். நாடாவில் சத்தம் இருக்காது. இங்கே ஆள் ஆளோடு மோதுவது லொறியின் பின்கதவை அடித்துச் சாத்துவதுபோல் கேட்டது. பதினாலாம் இலக்கம் நாடாவில் இருந்ததைவிட மெலிந்திருந்தான். அவனுக்கு முன்னால் நின்று காக்க வேண்டியவர்கள் மலிவுவிலைக்கு எடுத்தவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒருவன் பேர்லின் பெடியன், பந்தைப் பார்த்தான், வருகிறவனைப் பார்க்கவில்லை.

தம்பித்துரை மடியில் கொப்பியை விரித்தார். ஹட்சின்ஸ் பந்தைப் பார்த்தார். தம்பித்துரை நிலத்தைப் பார்த்தார்.

முதல் முறை விழுந்தான். வலது கை. கோடு போட்டார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை, வலது கை, வலது கை. தம்பித்துரைக்கு மழை இதமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஹட்சின்ஸ் சொசேஜ் வாங்கப் போனார். அப்போதுதான் அந்த பேர்லின்காரன் வழுக்கினான். வந்தவன் பதினாலைத் தூக்கி, வலது தோள் கீழே வரும்படி புல்லில் குத்தி, தானும் மேலே விழுந்தான். சத்தம் கூரை வரைக்கும் வந்தது. கொஞ்சநேரம் பதினாலு கிடந்தான். பிறகு கை ஊன்றி எழும்பினான், சேற்றை வழித்தான், அதே கையைக் கொடுத்து வழுக்கியவனைத் தூக்கினான்.

இடது கை.

தம்பித்துரையின் பென்சில் தாளில் படவில்லை. பிழையாகப் பார்த்திருக்கலாம். ஐந்தாம் முறை விழுந்தான், இடது கை. ஆறாம் முறை. ஏழாம் முறை. வலது கை உடம்போடு ஒட்டி, சாப்பாட்டுப் பையைப் பிடித்திருப்பதுபோல் மடிந்திருந்தது. ஆனால் எறிந்தான். கடைசி நிமிடத்தில் ஐம்பது கெஜத் தூரத்துக்கு ஒன்று எறிந்தான், அது ஓடுகிறவனின் கைக்குள் போய் விழுந்தது, சனம் எழுந்து கத்தியது. எல்லாரும் எறிந்த பந்தைப் பார்த்தார்கள். எறிந்த பிறகு அவன் பல்லைக் கடித்து வானத்தைப் பார்த்ததை ஒரு சாமத்தியவீட்டு வீடியோக்காரன் மட்டும் பார்த்தான். பதினாலு இடது கையால் தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரித்தான். தோளை அவன் ஒளித்துக்கொண்டிருந்தான். பதினாறு மாதத்துக்கு முன் தம்பித்துரை எழுதிய வசனத்தை இப்போது அவனே ஒரு சொல் விடாமல் நடித்துக் காட்டினான்.

திரும்பி வந்திருந்த ஹட்சின்ஸின் மீசையில் கடுகுக்கூழ் ஒட்டியிருந்தது. “அந்த எறியைப் பாத்தியோ?” என்றார். “காயம்பட்ட தோளோ அது? சரி, உன்ர கணக்கைச் சொல்லு. எந்தக் கை?”

உள்ளதைச் சொன்னால் பெடியன் இன்றோடு வீடு. இரண்டாம் முறையும் அதே வாயால். சொல்லாவிட்டால் கோடையில் யாரோ ஒரு நூற்றைம்பது கிலோ அந்தத் தோளின்மேல் விழும். எது கூடிய நட்டம் என்று தம்பித்துரை கணக்குப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கு வரவில்லை. கீழே பதினாலு மழையில் நின்று, யாரோ நீட்டிய கொப்பியில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தான். வலது கையால் வைத்தான். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

“ஏழு தரம் விழுந்தவன்,” என்றார் தம்பித்துரை. “ஏழு தரமும் வலது கை.”

“குறை?”

“ஒன்றும் இல்லை.”

ஹட்சின்ஸ் அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்து முதுகில் தட்டினார். “பாத்தியோ, பொட்டு வைக்காமலும் உனக்கு ஏலும்.” தொலைபேசியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

பானுக்குத் திரும்பும் ரயிலில் இருக்கை எல்லாம் ஈரம். தம்பித்துரை கொப்பியைத் திறந்தார். மழைத்துளி பட்டிருந்தாலும் கோடுகள் தெளிவாகத்தான் இருந்தன. கீழே கூட்டி எழுதினார்.

விழுந்தது ஏழு.
வலது கை மூன்று.
இடது கை நாலு.
சொன்னது, வலது கை ஏழு.
மீதி நாலு.